அம்மா படிச்சுட்டாங்க... புரிஞ்சுதா?

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி கேட். நோட்டீஸ் போர்டை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "என்னப்பா போட்டிருக்கு?" எனப் பக்கத்தில் இருப்பவரைக் கேட்பவர்கள் உண்டு. வாசிக்கிறது வேற, புரிஞ்சுக்கிறது வேற பாஸ்!

இந்த இடைவெளியில் கம்ப்யூட்டர் டீச்சர் எப்படி உதவும்?

நம்ம நாட்டு முன்னோடி, டி.சி.எஸ் நிறுவனத்தின் எழுத்தறிவு மென்பொருள். எஃப்.சி.கோலியின் முயற்சியில், 2000-ல் ஆந்திராவில் தொடங்கியது. அ, ஆ-வில் ஆரம்பிக்காமல், படமும் குரலுமாக முழு வார்த்தைகளையே அடையாளம் காட்டும். சுமார் 40 மணி நேரத்தில் அடிப்படை வாசிப்பு கைவரும் என்பதே இலக்கு. தமிழிலும் வந்தது.

அடுத்த கட்டம், அமெரிக்காவின் 'ஆட்டோடியூட்டர்'. பெரியவர்களின் ஆங்கில வாசிப்புக்கானது. திரையில் கிறிஸ்டினா என்ற டீச்சரும், ஜோர்டன் என்ற சக மாணவரும் வருவார்கள். பத்தியைப் படித்ததும் கேள்வி. சரியாகச் சொன்னால் அடுத்தது கொஞ்சம் கஷ்டம், தடுமாறினால் ஈஸி. ஜோர்டனும் தப்பாகச் சொல்வார் என்பதால், படிப்பவருக்குக் கூச்சம் குறையும்.

இதே டெக்னிக்கை வீட்டிலும் செய்யலாம். அம்மாவுக்கு வரும் பேங்க் மெசேஜை நீங்களே படிச்சுச் சொல்லாதீங்க. அவங்க படிச்சதும் மூணே கேள்வி கேளுங்க: யார் அனுப்பினது? என்ன செய்யச் சொல்லுது? எப்போ?

தப்பானால் சிரிக்காதீங்க. ஓடிபி கேட்கும் மோசடி மெசேஜை ஒருநாள் அவங்களே கண்டுபிடிப்பாங்க!