கரிசலில் பூச்சி ஆலோசகர்

விருதுநகர் மாவட்டத்தின் மல்லாங்கிணற்றைச் சுற்றியுள்ள ஊர்கள் மானாவாரிக் கரிசல் பூமி. ஐப்பசி மழையை நம்பி விதைத்து, மாசி பங்குனியில் பருத்தி எடுப்பது இங்குள்ள பழைய முறை. கருங்கண்ணி போன்ற நாட்டுப் பருத்தி மட்டும் இருந்த காலத்திலும் பூச்சி இல்லாமல் இல்லை. ஆனால் அதற்கென்று ஒருவர் ஊர் ஊராக வந்து யோசனை சொல்லும் தொழில், கம்போடியா பருத்தியோடுதான் வேர் பிடித்தது. 1905 வாக்கில் சென்னை மாகாணத்துக்கு வந்த இந்த ரகத்தின் நீண்ட இழையை ஆலைக்காரர்கள் விரும்பினார்கள். தண்டுக் கூன்வண்டும் அதை விரும்பியது.

இந்த வண்டு இளஞ்செடியின் தூரில், மண்ணை ஒட்டி முட்டையிடும். புழு உள்ளே குடைந்து தின்னத் தின்ன அந்த இடம் முடிச்சுப்போல் வீங்கும். செடி பச்சையாகத்தான் நிற்கும். காற்று ஓங்கி அடிக்கும் நாளில் வீக்கத்தில் முறிந்து சாயும். இளஞ்சிவப்புக் காய்ப்புழு வேறு வகை. காய்க்குள்ளேயே இருந்து விதையைத் தின்னும். இரண்டு விதைகளை நூலால் ஒட்டி நடுவில் பதுங்கி, அடுத்த பருவம்வரை உறங்கும். இரண்டுமே மேலே தெளிக்கும் மருந்துக்கு எளிதில் எட்டாதவை. அவற்றை மடக்க முக்கிய வழி, இடையில் சில மாதம் வயலில் பருத்திச் செடியே இல்லாமல் செய்வதுதான்.

அதைத்தான் சென்னை மாகாணம் சட்டமாக்கியது. 1919ஆம் ஆண்டின் வேளாண் பூச்சி, நோய்ச் சட்டம் இந்தியாவில் இவ்வகையில் முன்னோடி. பருத்தி விளையும் பகுதிகளில், குறித்த தேதிக்குள் பழைய கம்போடியாச் செடிகளைப் பிடுங்கிவிட வேண்டும் என்று அதன்கீழ் ஆணைகள் வந்தன. இதைச் சம்சாரியிடம் எடுத்துச் சொல்வது விவசாய இலாகாவின் டிமான்ஸ்ட்ரேட்டருக்கும் மேஸ்திரிக்கும் விழுந்த பொறுப்பு. சம்சாரியின் கணக்கு வேறு. கோடையில் ஒரு மழை பெய்தால் நிற்கிற செடியிலிருந்து இன்னொரு எடுப்பு கிடைக்கும்; பிடுங்கிய பருத்திமாரோ அடுப்புக்கு விறகாகப் படப்பில் சேரும், அதில் ஒட்டியிருக்கும் காய்களில் புழுவும் சேரும். ஒருவர் பிடுங்கிப் பக்கத்துப் புஞ்சைக்காரர் பிடுங்காவிட்டால் இருவருக்கும் நஷ்டம் என்பதை விளக்குவது, மருந்து விற்பதைவிடக் கடினமான வேலை.

இவர்கள் சொன்னதற்குப் பின்னால் கோயம்புத்தூர் ஆய்வு இருந்தது. டி. பெயின்பிரிக் ஃப்ளெட்சர் 1914இல் தென்னிந்தியப் பூச்சிகள் பற்றி ஒரு நூல் எழுதினார். அரசுப் பூச்சியியலாளராகப் பணியாற்றிய டி.வி. இராமகிருஷ்ண ஐயரின் தென்னிந்தியப் பொருளாதாரப் பூச்சியியல் கையேடு 1940இல் வெளிவந்தது. ஒரு ஆலோசகரின் வாழ்நாள் உழைப்புக்கு இந்த நூல் நல்ல சாட்சி. பயிர் பயிராக, எந்தப் பூச்சி எந்தப் பருவத்தில் எங்கே ஒளியும் என்பதை அவ்வளவு பொறுமையாகச் சேர்த்தவர்கள் குறைவு.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் டி.டி.டி. வந்ததும் பொறுமைக்கு மதிப்புக் குறைந்தது. 1952இல் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்தின் கிராம சேவக், 1980களில் பயிற்சி–பார்வைத் திட்டத்தின்கீழ் தவணைமுறையில் கிராமத்துக்கு வந்த அலுவலர் என அரசு ஆட்கள் இருந்தார்கள். என்றாலும் கடித்த காயைக் கையில் கொண்டுபோய் “இதுக்கு என்ன அடிக்கலாம்?” என்று கேட்பதற்கு உரக்கடைதான் பக்கத்தில் இருந்தது. கடனும் அங்கேதான் கிடைத்தது. விற்பவரே வைத்தியரானால் சீட்டு நீளத்தான் செய்யும். பைரித்ராய்டு மருந்துகளை அளவின்றி அடித்ததன் விளைவு 1987இல் ஆந்திரத்தில் தெரிந்தது: குண்டூர், பிரகாசம் பகுதிகளில் பச்சைக் காய்ப்புழு மருந்துக்கு மசியவில்லை.

கரிசலுக்கு வெளியே, திராட்சையில் நிலைமை சற்று மாறுபட்டது. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைப் பந்தலில் ஈரம் நின்றால் அடிச்சாம்பல் நோய் பரவும். பிரான்சின் மில்லார்தே 1885இல் அறிவித்த போர்டோ கலவையை எப்போது அடிப்பது என்பதில்தான் ஆலோசகரின் திறமை தெரியும். மாவுப்பூச்சிக்கோ, 1898இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட கிரிப்டோலேமஸ் பொறிவண்டைப் பந்தலில் விடலாம்.

1985இல் ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மையை நடுவண் அரசு கொள்கையாக ஏற்றது. பருத்திக் காட்டிலும் முட்டை ஒட்டுண்ணி அட்டை, இனக்கவர்ச்சிப் பொறி, சேதத்தை எண்ணிப் பார்த்த பிறகே மருந்து என்ற யோசனைகள் வந்தன. அருப்புக்கோட்டை, ஸ்ரீவில்லிபுத்தூர், கோவில்பட்டி ஆய்வு நிலையங்கள் இந்த மண்ணுக்குத் துணை நின்றன; கோவில்பட்டியின் கே.சி. 2 ரகம் வறட்சியையும் தத்துப்பூச்சியையும் தாங்கியது. 2002இல் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தபோது காய்ப்புழு ஒழிந்தது என்றே பலர் நினைத்தார்கள். சில ஆண்டுகளில் இளஞ்சிவப்புப் புழு அதையும் மீறியது. செடியைக் காலத்தில் அகற்றுங்கள் என்ற நூறாண்டுப் பழைய யோசனை மறுபடியும் துண்டறிக்கைகளில் ஏறியது.

இதற்குள் விருதுநகர் மாவட்டப் புஞ்சைகளில் மக்காச்சோளம் பெருகிவிட்டது. 2018இல் இந்தியாவுக்கு வந்த அமெரிக்கப் படைப்புழு அதே ஆண்டு தமிழ்நாட்டிலும் பரவியது. குருத்துக்குள் ஒளிந்து தின்னும் இதற்கு ஆலோசகர்கள் சொல்வது: கோடை உழவால் கூட்டுப்புழுவை வெயிலுக்குக் கொண்டுவருவது, வேப்பம்புண்ணாக்கு இடுவது, விதைநேர்த்தி செய்வது, ஊரே ஒரே சமயத்தில் விதைப்பது. வைத்தியராகவும் இருக்கும் உரக்கடைக்காரர்களுக்கும் 2003 முதல் ஹைதராபாத்தின் மேனேஜ் நிறுவனம் ‘டெய்சி’ என்ற பட்டயப் படிப்பை நடத்துகிறது.