வருகையும் காத்திருத்தலும்: திருவருகைக் காலத்தின் வரலாற்றுப் பொருள்

மேலைக் கிறித்தவத் திருச்சபைகளின் வழிபாட்டு ஆண்டு சனவரித் திங்களில் தொடங்குவதன்று. நவம்பர் 27க்கும் திசம்பர் 3க்கும் இடையே வரும் ஞாயிற்றுக்கிழமையில், திருவருகைக் காலத்தோடு அது தொடங்குகின்றது. கிறித்து பிறப்பு விழாவிற்கு ஆயத்தம் செய்யும் காலம் இது என்பதே பலரும் அறிந்த விளக்கம். அவ்விளக்கம் தவறன்று, ஆயின் நிறைவுடையதும் அன்று. பிறப்பை மட்டுமே எதிர்நோக்கும் காலமாயின், முதல் ஞாயிறன்று வாசிக்கப்பெறும் நற்செய்திப் பகுதி பெத்லகேமைப் பற்றியன்றோ பேசுதல் வேண்டும்? உரோமை வழிபாட்டு முறையில் அப்பகுதி உலக முடிவையும், எதிர்பாராத வேளையில் வரும் தலைவனையும், விழித்திருக்க வேண்டிய கடமையையும் பேசுகின்றது. ஆண்டின் தொடக்க நாளில் முடிவைப் படிப்பது ஏன்? இவ்வினாவிற்குரிய விடை அக்காலம் உருவாகிய வரலாற்றிலேயே உளது என யாம் கருதுகின்றோம்.

முதற்கண் சொல்லை நோக்குவோம். 'அத்வெந்துசு' என்னும் இலத்தீன் சொல் வருகை எனப் பொருள்படும். உரோமையர் வழக்கில் அது பேரரசன் ஒரு நகருக்கு எழுந்தருளுதலைச் சிறப்பாகக் குறித்தது. கி.பி. 117 முதல் 138 வரை ஆண்ட ஆதிரியன் பல நாடுகளுக்குச் சென்றதை நினைவூட்டும் காசுகளில் இச்சொல் பொறிக்கப்பட்டுள்ளது. நகர மக்கள் வெளியே சென்று அரசனை எதிர்கொண்டு அழைத்து வருதல் மரபு. 'வுல்காத்தா' எனப்படும் இலத்தீன் விவிலியத்தில், மத்தேயு நற்செய்தியின் 24ஆம் அதிகாரத்தில், கிறித்துவின் இறுதி வருகையைச் சுட்டும் 'பரூசியா' என்னும் கிரேக்கச் சொல்லுக்கு நேராக நிற்பதும் இச்சொல்லே. ஆகலின் இலத்தீன் அறிந்த பண்டைக் கிறித்தவரின் செவியில் குழந்தையின் வருகையோடு அரசனின் வருகையும் உடன் ஒலித்திருத்தல் வேண்டும்.

இனி, காலத்தின் தோற்றத்தைக் காண்போம். இசுப்பானிய நாட்டில் கி.பி. 380ஐ ஒட்டிக் கூடிய சரகோசா சங்கம் திசம்பர் 17 முதல் சனவரி 6 வரை 21 நாளும் எவரும் திருக்கோயிலுக்கு வாராதிருத்தல் கூடாது என விதித்தது. வீட்டில் மறைந்திருத்தலும், நாட்டுப்புற மனையில் தங்குதலும், மலையை நாடிச் செல்லுதலும் விலக்கப்பட்டன. அவ்விதி பிறப்பு விழாவைப் பெயர் கூறிச் சுட்டவில்லை என்பது கருதத்தக்கது. கால் நாட்டில், ஐந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தூர் நகர ஆயராக விளங்கிய பெர்ப்பெத்துவசு, நவம்பர் 11இல் வரும் புனித மார்ட்டின் திருநாள் தொடங்கிக் கிறித்து பிறப்பு வரை கிழமைக்கு மூன்று நாள் நோன்பை ஏற்படுத்தினார் என அந்நகரத்துக் கிரெகோரி தம் வரலாற்று நூலில் குறித்துள்ளார். 580களின் தொடக்கத்தில் கூடிய மாக்கோன் சங்கம் திங்கள், புதன், வெள்ளி ஆகிய மூன்று நாளும் நோற்க வேண்டுமென அதனை விரிவுபடுத்தியது.

இவற்றைக் கொண்டு இதனைத் தவக்காலத்தின் சிறு நிழல் எனக் கூறுவாரும் உளர். அக்கூற்று கால் நாட்டு வழக்கிற்குப் பெரிதும் பொருந்தும். உரோமை வழக்கிற்கு முற்றும் பொருந்தாது. உரோமை முறையில் இரு காலங்களுக்கும் ஊதா நிற உடை பொதுவாயினும், தவக்காலத்தில் விலக்கப்பெறும் 'அல்லேலூயா' என்னும் மகிழ்ச்சி முழக்கம் திருவருகைக் காலத்தில் விலக்கப்பெறுவதில்லை. வருந்துதலோடு மகிழ்தலும் இங்கே இணைந்து நிற்கின்றது.

அம்மகிழ்ச்சி எத்தகையது என்பதற்கு உரோமைத் திருத்தந்தை முதலாம் கிரெகோரியின் மறையுரை ஒன்று சான்றாகும். கி.பி. 590இல் கொள்ளைநோய் அவருக்கு முன்னிருந்த திருத்தந்தையைப் பலிகொண்டது; இலம்பார்டியரின் படைகளும் நாட்டை வருத்தின. அந்நாள்களை ஒட்டி, லூக்கா நற்செய்தியின் 21ஆம் அதிகாரத்திற்கு அவர் விளக்கம் உரைத்தார். அண்மையில் வீசிய சூறைக்காற்றில் முதுமரங்கள் வேரோடு சாய்ந்ததையும், வீடுகளும் திருக்கோயில்களும் இடிந்ததையும் அவர் மக்களுக்கு நினைவூட்டினார். ஆயினும் அவர் அச்சத்தோடு நின்றாரல்லர். உலகின் முடிவு கண்டு துயருறுவோர் தம் உள்ளத்தை உலகில் வேரூன்றியோர். இறைவனை விழைவோர் தலை நிமிர்ந்து மகிழ்தல் வேண்டும் என்பதே அவர் உரையின் கருத்து. இடிந்த சுவர்களின் நடுவே நின்றோர்க்கு இது வெறும் அணிநலம் ஆகாது. உயிர் வாழ்வதற்கு வேண்டிய உரம் ஆகும்.

முதல் வருகை முடிந்தது. இறுதி வருகை இன்னும் நிகழவில்லை. இரண்டிற்கும் இடையே வாழ்வோன் யாது செய்தல் வேண்டும்? பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிளேர்வோ மடத்துப் பெர்னார்து (1090–1153) இதற்கு விடை கூறினார். உடலெடுத்து வந்த வருகைக்கும் மாட்சியோடு வரும் வருகைக்கும் நடுவே, உள்ளத்தில் மறைவாக நிகழும் மூன்றாவது வருகை ஒன்று உண்டு என்றும், முதலினின்று இறுதிக்குச் செல்லும் வழி அதுவே என்றும் அவர் விளக்கினார். நோன்பாகத் தொடங்கிய காலம் அகவாழ்வின் இலக்கணமாக வளர்ந்தமை ஈண்டு அறியலாகும்.

பிற்கால வழக்கு ஒன்றும் நோக்கற்குரியது. 1839இல் ஆம்பர்க்கு நகரத்தில் ஏழைச் சிறுவர்க்கு இல்லம் நடத்திய விக்கெர்ன் என்னும் இலூத்தரன் போதகர், வண்டிச் சக்கரம் ஒன்றில் ஞாயிறுகளுக்குப் பெரிய மெழுகுதிரிகளும் ஏனைய நாள்களுக்குச் சிறியனவும் பொருத்தி, நாளுக்கு ஒன்றாக ஏற்றினார். பிறப்பு விழா என்று வரும் எனக் கேட்ட சிறுவர்க்கு அது கண்கண்ட விடையாயிற்று. இன்று பரவியுள்ள திருவருகை வளையத்தின் முன்னோடி இதுவே.

ஆயின் நாள் எண்ணுதலும் காத்திருத்தலும் ஒன்றாகுமா? முல்லைத் தலைவி கார்ப்பருவத்தை எல்லையாகக் கொண்டு ஆற்றியிருக்கின்றாள்; தலைவன் குறித்த பருவம் அவளுக்குத் தெரியும். நற்செய்தி கூறும் காத்திருத்தலுக்கோ குறித்த பருவம் இல்லை. அந்த நாளும் வேளையும் எவர்க்கும் தெரியா. திசம்பர் 25 என்னும் தெரிந்த நாளை நோக்கி நடக்கச் செய்து, தெரியாத நாளுக்கு விழித்திருக்கப் பயிற்றுவதே திருவருகைக் காலத்தின் உட்பொருள் என யாம் துணிகின்றோம். 1969இல் வெளியான உரோமை வழிபாட்டு ஆண்டின் பொதுநெறிகளும் இக்காலத்திற்கு இரு நோக்கம் உண்டு என்றே வகுத்து, பிறப்பு விழாவிற்குரிய நேரடி ஆயத்தத்தைத் திசம்பர் 17 முதல் 24 வரையுள்ள நாள்களுக்கு உரிமையாக்கின.

எனவே தொடக்க நாளில் முடிவைப் படித்தல் முரணன்று. தெரிந்த நாளை எண்ணுவதோடு நிற்பின் விழா முடிந்ததும் காத்திருத்தலும் முடிந்துவிடும். சக்கரத்தின் திரிகளோடு அக்காலத்தின் பொருளும் அணைந்துவிடும். தமிழ்க் கத்தோலிக்கர் இக்காலத்தைப் பிறப்பு ஆயத்தக் காலம் என்னாது திருவருகைக் காலம் என வழங்குகின்றனர். வந்த வருகை, வருகின்ற வருகை, வரவிருக்கும் வருகை என மூன்றனையும் தாங்கவல்லது அச்சொல். சொல் காத்து நிற்கும் அப்பொருளை வாழ்விலும் காத்தல் அதனை வழங்குவோர் கடனாகும்.