ஆயில் மாற்றும்போது இன்ஜின் ஃப்ளஷ் தேவையா? பாலாற்றுப் பகுதி விவசாயிகள் கவனத்துக்கு

ஆம்பூர், குடியாத்தம், வாணியம்பாடி பக்கம் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு ஆயில் வாங்கப் போகிறீர்கள். ஆயில் கேன், ஃபில்டரோடு கடைக்காரர் இன்னொரு சின்ன பாட்டிலையும் எடுத்து வைக்கிறார். "இதை ஊத்தி ஃப்ளஷ் பண்ணிடுங்க, இன்ஜின் உள்ளே கழுவி விட்ட மாதிரி ஆயிடும்" என்கிறார். சில நூறு ரூபாய்தான். காருக்கோ லோடு வண்டிக்கோ டிராக்டருக்கோ வீட்டிலேயே ஆயில் மாற்றுகிறவர்களுக்கு அந்த இடத்தில் ஒரு குழப்பம் வரும். வாங்கலாமா, வேண்டாமா?

வேண்டாம். காலத்தோடு ஆயில் மாற்றிவந்த இன்ஜினுக்கு ஃப்ளஷ் தேவையே இல்லை. பல வருடம் ஆயில் மாற்றாமல் ஓட்டிய இன்ஜினுக்கு அது ஆபத்து. இடையில் சில அபூர்வமான சமயங்களில் மட்டும் அதற்கு வேலை உண்டு, அதைப் பின்னால் பார்ப்போம். உங்கள் வண்டியோடு வந்த கையேட்டைப் புரட்டிப் பாருங்கள். ஆயில், ஃபில்டர் மாற்றச் சொல்லும் அட்டவணையில் பெரும்பாலும் ஃப்ளஷ் என்ற வரியே இருக்காது.

கழுவும் வேலையை ஆயிலே செய்கிறது

இன்றைக்கு விற்கும் இன்ஜின் ஆயில் வெறும் வழுக்கும் எண்ணெய் இல்லை. உலோகத்தில் ஒட்டும் அழுக்கை எடுக்க ஒரு சேர்மானம், எடுத்த கரியைத் திரளவிடாமல் ஆயிலிலேயே மிதக்க வைக்க இன்னொரு சேர்மானம் என்று இரண்டும் அதில் கலந்தே வருகின்றன. டீசல் வண்டியில் புது ஆயில் ஊற்றிச் சில நாளிலேயே கறுத்துப் போவது அதனால்தான். "ஆயில் அதுக்குள்ள கெட்டுப்போச்சே" என்று பயப்பட வேண்டாம். கரி இன்ஜினில் படியாமல் ஆயிலில் இருக்கிறது என்று அர்த்தம். அதை வடித்துவிட்டால் கரியும் வெளியே போய்விடும்.

வடித்த பிறகும் கொஞ்சம் பழைய ஆயில் உள்ளே தங்கத்தான் செய்யும். அந்தக் கொஞ்சம் புது ஆயிலோடு கலப்பதால் ஒன்றும் ஆகாது. அதைத் துடைத்தெடுப்பதற்காக ஃப்ளஷ் ஊற்றுவது வீண் செலவு.

பெரியவர்கள் சிலர், "அந்தக் காலத்துல ஆயில் மாத்தும்போது கழுவித்தானே விட்டோம்" என்பார்கள். உண்மைதான். அந்தக் கால ஆயிலில் இந்தச் சேர்மானங்கள் இல்லை. அழுக்கு அப்படியே அடியில் படியும், கழுவக் காரணம் இருந்தது. இன்று அது இல்லை.

ஃப்ளஷ் என்ன செய்யும்?

பாட்டிலில் வரும் ஃப்ளஷ் ஒரு கரைப்பான். பழைய ஆயிலோடு கலந்து, வண்டியை நகர்த்தாமல் 10 நிமிடம் போல ஐடிலில் ஓடவிட்டு வடிக்கச் சொல்வார்கள். அந்த 10 நிமிடமும் ஆயில் நீர்த்துப் போயிருக்கும். கிராங்க் பேரிங்கைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம்தான், அது நீர்த்தால் உலோகமும் உலோகமும் உரசும். ஃப்ளஷ் ஊற்றியபின் ஆக்சிலேட்டரை மிதிக்காதே என்று பாட்டிலிலேயே எழுதியிருப்பது இதனால்தான்.

இதைவிட மோசம், சிக்கனம் என்று நினைத்து மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றிக் கழுவுவது. பம்ப்செட் இன்ஜினிலும் பழைய டிராக்டரிலும் இன்னும் சிலர் இப்படிச் செய்கிறார்கள். முழுதாக வடியாமல் மூலையில் நின்ற மண்ணெண்ணெய், அடுத்து ஊற்றும் புது ஆயிலையும் நீர்க்கச் செய்யும். அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

பெரிய ஆபத்து, அழுக்கு நிறைய உள்ள இன்ஜினில்தான். பல வருடம் படிந்த தார் போன்ற களிம்பு கரைப்பான் பட்டதும் முழுதாகக் கரையாது, கட்டி கட்டியாகப் பெயரும். ஆயில் பம்ப் ஆயிலை உறிஞ்சும் இடத்தில் ஒரு கம்பி வலை இருக்கிறது. பெயர்ந்த கட்டிகள் அந்த வலையில் போய் அடைத்துக்கொள்ளும். சொட்டுநீர்ப் பாசனத்தில் ஃபில்டர் அடைத்தால் கடைசி வரிசைச் செடி காய்வதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே காய்வது பேரிங்கும் டர்போவும். செடி வாடினால் நாலு நாளில் தெரியும், இன்ஜினில் பிரஷர் இறங்கினால் சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். அதற்குப் பின் ஆகும் செலவு பத்தாயிரங்களில்தான். நடவு நேரத்தில் டிராக்டர் பட்டறையில் நிற்கும் நஷ்டம் தனி.

உங்கள் இன்ஜின் எப்படி இருக்கிறது?

ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே உலோகம் தெரிகிறதா? தேன் நிறத்தில் லேசாகப் படிந்திருக்கிறதா? இன்ஜின் நன்றாக இருக்கிறது. விரலால் வழித்தால் கறுப்பு மசி போலத் திரண்டு வருகிறதா? அது களிம்பு.

டிப் ஸ்டிக்கில் இருந்து ஒரு சொட்டு ஆயிலை வடிதாளிலோ காபி ஃபில்டர் தாளிலோ விட்டு, ஓர் இரவு வைத்துப் பார்க்கலாம். கறை நடுவிலிருந்து வெளியே மெல்லப் பரவியிருந்தால் ஆயிலில் இன்னும் சக்தி இருக்கிறது. நடுவில் கரேல் என்று ஒரு பொட்டு, சுற்றிலும் வெறும் எண்ணெய் வளையம் என்று பிரிந்து நின்றால் ஆயில் ஓய்ந்துவிட்டது, உடனே மாற்றுங்கள்.

டிப் ஸ்டிக்கில் அளவு தானாக ஏறியிருந்து டீசல் வாடை வந்தால் எங்கோ டீசல் கலக்கிறது. பால் கலந்த காபி நிறத்தில் ஆயில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. இரண்டுக்கும் முதல் வைத்தியம் ஃப்ளஷ் இல்லை. கலக்கும் காரணத்தைச் சரிசெய்ய வேண்டும்.

நம் பகுதித் தண்ணீரும் களிம்பும்

தோல் தொழில் நடக்கும் நம் பகுதியில் இதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் வருகிறது. ஊறவைக்கும்போது அந்த உப்பில் பெரும்பகுதி கழிவுநீரில் இறங்குகிறது. பல ஆண்டுகளாக அது நிலத்தில் இறங்கியதால் பாலாற்றங்கரைக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் உப்பு. பயிருக்கு ஆகாத அந்தத் தண்ணீரையே பலர் ரேடியேட்டருக்கு ஊற்றுகிறார்கள்.

உப்பும் சுண்ணாம்பும் நிறைந்த தண்ணீர் ரேடியேட்டர் குழாயிலும் இன்ஜின் பிளாக்கிலும் பொருக்காகப் படியும், அலுமினியத்தை அரிக்கும். 40 டிகிரியைத் தாண்டும் வேலூர் வெயிலில், லோடு ஏற்றிய வண்டி இதனால் கொதிக்கும். கொதித்தால் ஹெட் வளையும், ஹெட் கேஸ்கட் போகும், தண்ணீர் ஆயிலில் கலக்கும். கலந்த ஆயில் களிம்பாகும். இப்படி வந்த களிம்புக்கு எத்தனை பாட்டில் ஃப்ளஷ் ஊற்றினாலும் திரும்பத் திரும்ப வரும்.

என்னைக் கேட்டால், ஃப்ளஷ் பாட்டிலுக்கு எடுத்துவைத்த காசில் கூலன்ட் வாங்குங்கள். கையேடு சொல்லும் அளவில் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரோடு கலந்து ஊற்றுங்கள், அல்லது கலந்தே வரும் கூலன்ட் வாங்குங்கள். ரேடியேட்டரை அலசுவதும் இன்ஜினை ஆயில் பக்கம் ஃப்ளஷ் செய்வதும் வேறு வேறு. முதலாவது நம் பகுதிக்கு உண்மையிலேயே தேவை. வடித்த பழைய கூலன்ட்டை மட்டும் திறந்த பாத்திரத்தில் விட்டுவிடாதீர்கள். லேசாக இனிக்கும், மாடோ நாயோ குடித்துவிட்டால் பிழைப்பது கஷ்டம்.

களிம்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. வீட்டிலிருந்து பால் சொசைட்டி வரை 2 கிலோமீட்டர் போய்த் திரும்பும் வண்டியில் இன்ஜின் சூடேறுவதற்குள் அணைத்துவிடுகிறோம். ஈரமும் எரியாத எரிபொருளும் ஆயிலிலேயே தங்கும். இப்படிப்பட்ட வண்டி 3,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது என்று தள்ளிப்போடக் கூடாது. வருடம் ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும்.

களிம்பு இருந்தால் என்ன செய்வது?

செகண்ட் ஹேண்டில் வண்டி வாங்கியிருக்கிறீர்கள், முன்னவர் எப்போது ஆயில் மாற்றினார் என்று தெரியாது, மூடியைத் திறந்தால் களிம்பு. அவசரம் வேண்டாம். கையேடு சொல்லும் தரத்தில் புது ஆயிலும் புது ஃபில்டரும் போடுங்கள். காரானால் 1,500 கிலோமீட்டர், டிராக்டரானால் 50 மணி நேரம் ஓடியதும் மறுபடி இரண்டையும் மாற்றுங்கள். தேவைப்பட்டால் மூன்றாவது முறையும். புது ஆயில் களிம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும், கட்டியாகப் பெயர்க்காது. இரண்டு முறை ஆயில் வாங்கும் காசு ஆகும்தான். இன்ஜின் வேலையோடு ஒப்பிட்டால் அது பெரிதில்லை.

களிம்பு மிக அதிகமானால், மெக்கானிக்கிடம் சொல்லி அடியில் உள்ள ஆயில் சம்பைக் கழற்றி, கம்பி வலையையும் சம்பையும் கையால் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். புது கேஸ்கட் போட வேண்டும். பழைய மாடல் பம்ப்செட் இன்ஜின்களில் பக்கத்தில் திறக்கும் மூடி இருக்கும். அதைக் கழற்றி, நூல் உதிராத துணியால் துடைத்தெடுக்கலாம். பனியன் வேஸ்ட் வேண்டாம். அதிலிருந்து உதிரும் நூலே வலையை அடைக்கும்.

ஃப்ளஷுக்கு வேலை உண்டு என்று முதலில் சொன்னேன் அல்லவா? கேஸ்கட் மாற்றியபின் பிளாக்கில் மிஞ்சிய கூலன்ட்டை எடுக்க, தவறுதலாக வேறு ஆயில் ஊற்றிவிட்டால் அதை அகற்ற, இன்ஜின் வேலை முடிந்தபின் தூளை வெளியேற்ற என்று மெக்கானிக் ஃப்ளஷிங் ஆயில் பயன்படுத்துவதில் தவறில்லை. அது கரைப்பான் இல்லை, மெல்லிய ஆயில். அதிலும் மலிவான சாதாரண இன்ஜின் ஆயிலையே ஊற்றிக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு வடித்தால் போதும்.

நீங்களே மாற்றும்போது

சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, டயருக்குக் கட்டை கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். இன்ஜினை 5 நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். சூடான ஆயிலில்தான் கரி மிதந்துகொண்டிருக்கும், அது அழுக்கோடு வடியும். மூடியைத் திறந்துவைத்து, டிரெய்ன் போல்ட்டைக் கழற்றி, சொட்டு நிற்கும்வரை 20 நிமிடம் பொறுங்கள். ஃப்ளஷ் செய்யும் வேலையில் பாதியை இந்தப் பொறுமையே செய்துவிடும்.

போல்ட்டுக்குப் புது வாஷர் போடுங்கள். ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் புது ஆயில் தடவி, கையால் இறுக்கி, ரப்பர் தொட்டபின் முக்கால் சுற்று போதும். பழைய ஃபில்டரின் ரப்பர் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். இதைக் கவனிக்காமல் இரண்டு ரப்பரோடு மாட்டி, வழியெல்லாம் ஆயிலைக் கொட்டியவர்கள் உண்டு. ஆயில் தரம் கையேட்டில் உள்ளபடி இருக்கட்டும். பிஎஸ்-6 டீசல் கார்களுக்குப் புகைவடிகட்டி அடைக்காத தனி ஆயில் தேவை, டிராக்டர் ஆயில் மிச்சமிருக்கிறது என்று அதை ஊற்றக்கூடாது. ஊற்றியபின் ஸ்டார்ட் செய்து, ஆயில் விளக்கு அணைகிறதா பார்த்து, நிறுத்திச் சில நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கில் அளவு பாருங்கள்.

வடித்த ஆயில் எங்கே போகிறது?

ஃப்ளஷ் வேண்டாம் என்பதற்கு எனக்கு இதுவும் ஒரு பெரிய காரணம். ஃப்ளஷ் ஊற்றினால் கழிவின் அளவு கூடும், கரைப்பானும் அதில் சேரும். கழிவு மண்ணில் இறங்கினால் என்ன ஆகும் என்று நம் பகுதிக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இங்கே தோல் தொழில் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதாக அந்தத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. இழப்பீட்டுக்கான போராட்டம் அதோடு முடியவில்லை. 2025 ஜனவரி 30-இல் உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது.

ஒரு வண்டியின் பழைய ஆயில் சுமார் 38 லட்சம் லிட்டர் நன்னீரைக் கெடுக்கப் போதும் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்லும் கணக்கு. டிராக்டரில் வடித்ததை வரப்போரம் ஊற்றினால் அது மழையோடு உங்கள் கிணற்றுக்கோ பக்கத்து நிலத்துக்கோதான் போகும்.

உண்ணிக்கு என்று மாட்டின் மேல் பழைய ஆயிலைப் பூசுவதையும் நிறுத்துங்கள். அதில் உலோகத் துகளும், தோல் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பொருள்களும் இருக்கின்றன. மாடு நக்கினால் உள்ளே போகும். உங்கள் கைக்கும் அதே ஆபத்துதான், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

ஆயில் வந்த கேனிலேயே பழைய ஆயிலை ஊற்றி மூடிவையுங்கள். தண்ணீர், கூலன்ட், மண்ணெண்ணெய், பெட்ரோல் எதையும் அதில் கலக்காதீர்கள். கலந்தால் மறுசுழற்சிக்கு எடுக்கமாட்டார்கள். பழைய ஆயிலைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் சேர்க்க வேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளில் இருக்கிறது. ஊரில் நாலைந்து பேர் சேர்த்து ஒரு டிரம் ஆனதும், அவர்களுக்கு ஆயில் கொடுக்கும் சர்வீஸ் சென்டரிலோ டிராக்டர் டீலரிடமோ கேட்டு ஒப்படையுங்கள். எங்கே என்று தெரியாவிட்டால் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்கலாம்.

வேலை முடிந்ததும் புது ஃபில்டரின் மேல் மார்க்கரால் தேதியும் கிலோமீட்டரும், டிராக்டரானால் மீட்டரில் ஓடிய மணியும் எழுதிவிடுங்கள்.