நடுவர் தீர்ப்பு நிறைவேற்றத்திற்குத் தடையாணை (இந்தியா)

வணிகப் பிணக்கு ஒன்றை, இரு தரப்பினரும் ஒப்புக்கொண்ட நடுவர் விசாரித்து வழங்கும் முடிவு நடுவர் தீர்ப்பு எனப்படும். தோற்ற தரப்பு அதை எதிர்த்து நீதிமன்றம் செல்லும்போது, அந்த வழக்கு முடியும்வரை தீர்ப்பை நிறைவேற்றாமல் நிறுத்திவைக்கும் ஆணையே தடையாணை. இந்தியாவில் பல ஆண்டுகள், நீதிமன்றம் இத்தகைய ஆணை எதையும் பிறப்பிக்காமலேயே தடை நிலவியது.

1996-ஆம் ஆண்டுச் சட்டம்

நடுவர் தீர்ப்பு மற்றும் சமரசச் சட்டம், 1996-இன் பிரிவு 34-இன்படி, தோற்றவர் மூன்று மாதத்துக்குள் தீர்ப்பை நீக்கக் கோரி மனு செய்யலாம். அந்தக் காலம் முடிந்த பின்னரோ மனு தள்ளுபடியான பின்னரோ தீர்ப்பு நீதிமன்றத் தீர்ப்பாணையைப் போல நிறைவேற்றப்படும் என்றது பிரிவு 36. மனு நிலுவையில் இருந்தால் என்ன செய்வது என்பதை அது தெளிவாகக் கூறவில்லை.

மனு தாக்கல் செய்தாலே தீர்ப்பு தானாக நின்றுவிடும் என்று நேஷனல் அலுமினியம் கம்பெனி வழக்கில் (2003) உச்ச நீதிமன்றம் பொருள் கொண்டது. இது நடுவர் முறையின் நோக்கத்தையே குலைக்கிறது என்றும், சட்டத்தைத் திருத்த வேண்டும் என்றும் அதே தீர்ப்பில் கூறியது. விளைவுகளைக் கட்டுமான ஒப்பந்தக்காரர்கள் அதிகம் உணர்ந்தனர். வென்ற தொகை கைக்கு வராது. வங்கிக் கடனுக்கோ வட்டி ஏறிக்கொண்டே இருக்கும்.

2015 திருத்தமும் அதன் பின்னரும்

2015 அக்டோபர் 23 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் இந்நிலையை மாற்றியது. மனு மட்டும் தடையாகாது. தனியாகத் தடை கோர வேண்டும். நீதிமன்றம் காரணங்களை எழுத்தில் பதிந்து, நிபந்தனையுடன் தடை வழங்கலாம். பணத் தீர்ப்புகளில் தொகையை முழுமையாகவோ பகுதியாகவோ நீதிமன்றத்தில் செலுத்தச் சொல்வது வழக்கமான நிபந்தனை.

திருத்தத்துக்கு முன் தொடுக்கப்பட்ட மனுக்களுக்கும் இது பொருந்துமா என்ற கேள்வி எழுந்தது. கொச்சி கிரிக்கெட் அணி தொடர்பான வழக்கில், பொருந்தும் என்று 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் நாடாளுமன்றம் 2019-இல் பிரிவு 87-ஐச் சேர்த்து, பழைய வழக்குகளுக்குத் தானியங்கித் தடையை மீண்டும் கொண்டுவந்தது.

இதை எதிர்த்து இந்துஸ்தான் கன்ஸ்ட்ரக்‌ஷன் கம்பெனி வழக்குத் தொடுத்தது. அரசு நிறுவனங்களிடமிருந்து தனக்கு வர வேண்டிய தொகைகள் முடங்கியிருக்க, தனக்குப் பொருள் வழங்கியோர் தன்மீதே திவால் சட்டத்தின்கீழ் நடவடிக்கை எடுப்பதாக அந்நிறுவனம் முறையிட்டது. 2019 நவம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் பிரிவு 87-ஐச் செல்லாததாக்கியது. மேலும், மூலச் சட்டத்திலேயே தானியங்கித் தடை இல்லை என்றும், 2003-இல் கொண்ட பொருள் தவறானது என்றும் அறிவித்தது. சட்டத்தில் இல்லாத ஒரு தடை, நீதிமன்ற விளக்கத்தால் பதினைந்து ஆண்டுகளாகப் பலரது பணத்தை முடக்கியிருந்தது என்பதே இதன் பொருள்.

இன்றைய நிலை

அரசுக்கும் இதில் தனிச்சலுகை இல்லை என்று பாம் டெவலப்பர்ஸ் வழக்கு (2019) தெளிவாக்கியது. 2021 திருத்தத்தின்படி, ஒப்பந்தமோ தீர்ப்போ மோசடியாலோ ஊழலாலோ விளைந்தது என்று முதல்நோக்கில் தெரிந்தால், நிபந்தனையின்றித் தடை வழங்க வேண்டும். மற்ற வழக்குகளில் தடை பெற, தோற்றவர் நீதிமன்றத்திடம் தனியாகக் கேட்டே ஆக வேண்டும்.