தன்னெதிர்ப்புக் கொப்புள நோய்கள்

உடலின் எதிர்ப்பாற்றல் தன் தோலின் புரதங்களையே தாக்குவதால் தோன்றும் நோய்கள். மேல்தோல் செல்களை ஒன்றோடொன்று பிணைப்பது டெஸ்மோகிளீன் என்னும் புரதம். பெம்ஃபிகஸ் நோயில் எதிர்ப்பொருள்கள் இதில் ஒட்டிக்கொள்ள, செல்கள் பிரிந்து இடையில் நீர் கோக்கிறது. டெஸ்மோகிளீன் 3 பாதிக்கப்பட்டால் பெரும்பாலும் வாயில்தான் முதலில் புண் வரும். ஆறாத அந்தப் புண்ணைச் சூட்டுப்புண் என்று விட்டுவிடுவது ஆபத்து. டெஸ்மோகிளீன் 1 மட்டும் என்றால் தோலோடு நிற்கும். பெம்ஃபிகஸ் கொப்புளம் தளர்ந்தது, எளிதில் உடையும். பெம்ஃபிகாய்டு என்னும் மற்றொரு நோயில் தாக்குதல் மேல்தோலின் அடித்தளத்தில் நிகழ்வதால் கொப்புளம் விறைப்பாக இருக்கும். 1953இல் தோல் மருத்துவர் வால்டர் லீவர் இரண்டையும் பிரித்துக் காட்டினார். மேற்கு ஐரோப்பாவில் பெம்ஃபிகாய்டு மிகுதி, இந்தியாவில் பெம்ஃபிகஸ்.

மரபணுச் சார்புள்ளவர்களிடம் பெனிசிலமைன் போன்ற மருந்துகள் பெம்ஃபிகஸைத் தூண்டலாம்.

ஆம்பூர் வட்டாரத் தோல் பதனிடும் தொழிலில் புழங்கும் குரோமிய உப்பாலும் கையில் கொப்புளம் வரலாம். அது டி செல்களால் வரும் தொடு ஒவ்வாமை. உப்பை விட்டு விலகினால் தணியும். பெம்ஃபிகஸ் அப்படித் தணியாது. தோல் துணுக்கில் ஒளிர்சாயச் சோதனை செய்தால் வேறுபாடு தெரியும்.

பெம்ஃபிகஸுக்கு ஸ்டீராய்டும் ரிட்டுக்சிமாபும் முதன்மை மருந்துகள். தன்னெதிர்ப்புக் கொப்புள நோய்கள் தொற்றுவதில்லை.