அதிகார வரம்பு

ஒரு வழக்கை விசாரித்துத் தீர்ப்பளிக்க நீதிமன்றத்துக்கு உள்ள உரிமையின் எல்லை. வடமொழி வழி வந்த ‘அதிகாரம்’ ஆளும் உரிமையைக் குறிக்கும். நூலின் உட்பிரிவுக்கும் அதுவே பெயர். ‘வரம்பு’ தமிழ்ச் சொல். வயலின் வரப்பு அதன் பொருள்களுள் ஒன்று. கரை, எல்லை, ஒழுங்கு என்பன பிற பொருள்கள். ‘வரம்பு மீறுதல்’ என்ற வழக்கும் இதிலிருந்து வந்ததே.

சட்டத்தில் அதிகார வரம்பு இடம், வழக்கின் தன்மை, பண மதிப்பு என மூவகைப்படும். குடும்ப வழக்குகளில் முதல் இரண்டுமே பெரிதும் பேசப்படுகின்றன. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் மணவிலக்கு மனுக்களை மாவட்ட நீதிமன்றத்துக்கு உரியவையாக்கியது. ஆனால் மாநில அரசு அறிவிக்கும் பிற உரிமையியல் நீதிமன்றத்தையும் அச்சொல்லுக்குள் அடக்கியது. தமிழ்நாட்டில் சார்பு நீதிமன்றங்கள் இவ்வழக்குகளை விசாரிப்பது இந்த வழியில்தான். 1984ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டம், 10 லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களில் தனி நீதிமன்றம் கட்டாயம் என்றது. அது அமைந்த பகுதியில் குடும்ப வழக்குகளைப் பொறுத்தவரை பிற உரிமையியல் நீதிமன்றங்களின் வரம்பு சுருங்கிவிடும்.

இந்து திருமணச் சட்டத்தின் இட வரம்பில் முக்கியமான மாற்றம் 2003இல் வந்தது. மனைவி மனுதாரரானால் தாம் வசிக்கும் ஊரிலேயே மனு செய்யலாம். மதுரையில் மணமுடித்து, பிரிந்தபின் அவிநாசியில் தங்கிப் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண், சம்பளத்தை இழந்து வாய்தாவுக்கு வாய்தா மதுரைக்குப் போக வேண்டியதில்லை. கணவருக்கு இச்சலுகை இல்லை.