சாரணர் உடையைப் பெரியவர்கள் அணியும்போது



என்னிடம் படித்த சிலர் இன்று சாரண ஆசிரியர்களாக இருக்கிறீர்கள். "சாரணர் விதியெல்லாம் பையன்களுக்குத்தானே, நமக்கு எதற்கு சார்?" என்று ஒருவர் விளையாட்டாகக் கேட்டார். இந்த உடையின் வரலாற்றிலேயே அதற்குப் பதில் இருக்கிறது.

1907-இல் இங்கிலாந்தின் பிரௌன்சி தீவில் பேடன் பவல் நடத்திய முகாமில் சாரணர் இயக்கம் பிறந்தது. 1909-இல் பெங்களூருக்கு வந்தது. ஆனால் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியச் சிறுவர்களுக்கு மட்டும். நம் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தால் நாளை ஆட்சியையே எதிர்ப்பார்கள் என்ற அச்சம் அன்று இருந்தது. 1916-இல் அன்னி பெசன்ட் அம்மையாரும் அருண்டேலும் சென்னையில் இந்தியச் சிறுவர்களுக்கென்றே ஒரு சாரணர் சங்கம் தொடங்கினார்கள். தொப்பிக்குப் பதில் தலைப்பாகை கட்டினார்கள். இந்தியப் பாடல்களைப் பாடினார்கள். 1921-இல் பேடன் பவல் இந்தியா வந்தபோது அந்தச் சங்கம் தாய் இயக்கத்தோடு இணைந்தது. விடுதலைக்குப் பின், 1950 நவம்பர் 7-இல் பல சங்கங்கள் ஒன்றாகிப் பாரத சாரணர் இயக்கம் உருவானது. மறு ஆண்டு சாரணியரும் சேர்ந்தனர்.

ஒரு காலத்தில் நம் பிள்ளைகளுக்கு மறுக்கப்பட்ட உடை இது. துணிக்கடையில் வாங்கியதால் மட்டும் நமக்குச் சொந்தமாகிவிடாது.

இந்த இயக்கத்தில் பெரியவருக்கென்று வேறு விதி கிடையாது. மாணவன் எடுக்கும் அதே உறுதிமொழியை ஆசிரியரும் எடுக்கிறார், ஸ்கார்ஃப் அணிகிறார். எண்ணம், சொல், செயல் மூன்றிலும் தூய்மை என்ற விதி இருவருக்கும் பொது. புகைபிடிக்காதே என்று 1908-இலேயே பேடன் பவல் சிறுவர்களுக்கு எழுதிவிட்டார். அதைச் சொல்லிக்கொடுப்பவர் கையில் பீடி இருந்தால் பையன் எதை நம்புவான்?

ஆகவே உடையில் இருக்கும்போது புகையிலை, மது பக்கம் போகாதீர்கள். இயக்கம் கட்சி சாராதது. அந்த உடையோடு கட்சி மேடை ஏறாதீர்கள். ஆடிப் பெருக்குக் கூட்டத்தில் சேவைக்கு நின்றால், சொந்தக்காரரை வரிசையில் முன்னால் விடாதீர்கள். பிள்ளைகள் மேல் கை ஓங்காதீர்கள். கெட்ட வார்த்தை வேண்டாம். முகாமில் எந்தப் பிள்ளையோடும் தனியறையில் இருக்காதீர்கள். பெரியவர் இருவராவது எப்போதும் உடனிருங்கள். இது பிள்ளைக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு.

"உடையைக் கழற்றிவிட்டுக் குடித்தால் தப்பில்லையே" என்பீர்கள். நகரத்தில் அது செல்லலாம். செம்மேட்டிலோ சோளக்காட்டிலோ உங்களைத் தெரியாத பிள்ளை யார்? காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி மேலே வருவதற்குள் செய்தி உங்களுக்கு முன்னால் வந்து நிற்கும். நம் மலையில் சாரண ஆசிரியர் எந்நேரமும் உடையில் இருப்பவர்தான்.

இந்த ஆண்டு புதிதாக உறுதிமொழி எடுக்கும் பிள்ளைகளுக்கு ஸ்கார்ஃப் அணிவிக்கும்போது, நீங்களும் உங்கள் உறுதிமொழியை ஒருமுறை மனத்துக்குள் சொல்லிக்கொள்ளுங்கள்.

அனைவருக்கும் என் ஆசிகள்.